செஞ்சியில் நெய்க்கும் ஒரு கிணறு

செஞ்சி என்றதும் எல்லோரும் தேசிங்கு ராஜனைத்தான் கேட்பார்கள். கேட்கட்டும். 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துப் போரிட்டு மாண்ட இளைஞன். அவன் கதையைக் கேட்டு வளர்ந்த மண் இது. ஆனால் என்னைக் கிறுக்குப் பிடிக்க வைத்தது கோட்டைக் குன்றுகளில் ஒன்றான ராஜகிரியின் அடிவாரத்து நெற்களஞ்சியம். போர்க்களத்தை யாரும் கதையாகச் சொல்லிவிடலாம். கோட்டைக்குள் இருந்த அத்தனை பேருக்கும் தினமும் உலை வைத்தது எப்படி என்பதை இந்தக் கட்டிடம் ஒன்றுதான் கண்ணெதிரே காட்டுகிறது!

உள்ளே நுழைந்ததும் வெயில் சட்டென்று அறுந்துபோகிறது. தலைக்கு மேலே வளைந்து இறங்கும் கூரை. சுவரின் கனத்தை வாசலில் நின்றே பார்த்துவிடலாம். சும்மா ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள், கூரை திருப்பிப் பேசும். இப்படி ஒரு களஞ்சியம் எதற்கு? ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் வந்து முற்றுகை போட்டார். சிவாஜியின் மகன் ராஜாராம் கோட்டைக்குள். கோட்டை விழுந்ததோ 1698-இல். மதிலும் பீரங்கியும் மட்டும் இருந்தால் அத்தனை வருஷம் தாங்குமா? நெல் வேண்டும், தண்ணீர் வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் செஞ்சிக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. கல்யாண மகால் என்ற அடுக்குமாடிக் கோபுரத்துக்கு வெளியே இருந்த குளத்திலிருந்து சுடுமண் குழாய் வழியாக மாடிக்கே நீர் ஏற்றியிருக்கிறார்கள். தளத்துக்கு ஓர் அறை, அதைச் சுற்றித் தாழ்வாரம் என்று மேலே மேலே போகிறது அந்தக் கட்டிடம். மேல்தளத்தில் நின்றால் காற்று ஆளையே தூக்குகிறது. பக்கத்திலேயே யானைக்குளம், குதிரை லாயம், உடற்பயிற்சிக் கூடம். அரண்மனை இருந்த இடத்தில் அரசர் குளித்தது என்று காட்டுகிற வழவழப்பான பெரிய கல் பலகையைத் தொட்டுப் பாருங்கள். ஒரே கல்!

ரோமாபுரிக்குத் தானியம் இறக்கிய ஆஸ்டியா துறைமுக நகரத்தின் இடிபாடுகளில் கிடங்கையும் குளியல் கூடத்தையும் காண உலகமே போகிறது. நமக்கு அந்த விருந்து திண்டிவனம் – திருவண்ணாமலைச் சாலையோரத்திலேயே காத்திருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். எனக்கு அன்று தீபாவளி.

கோட்டைக்குள் இருக்கும் வெங்கட்ரமணர் கோயிலை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். வாயிலில் ராமாயணமும் பாற்கடல் கடைந்ததும் சிற்பமாக நிற்கின்றன. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றியுள்ள கல்தூண்கள்கூட பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து கொண்டுபோனவைதான்.

எனக்கு உயிர் கோட்டையின் இன்னொரு குன்றான கிருஷ்ணகிரிதான். ராஜகிரியில் எண்ணூறு அடி உயரமும், உச்சிக்கு முன் பிளந்து கிடக்கும் பாறை இடுக்கும், அதன்மேல் போட்ட பாலமும் இருப்பதால் கூட்டமெல்லாம் அங்கே போய்விடுகிறது. சாலைக்கு மறுபக்கம் இருக்கும் கிருஷ்ணகிரியை எட்டிப் பார்க்கக்கூட ஆளில்லை. ஏறுவது சுலபம், படிகள் நன்றாக இருக்கின்றன. மேலே களஞ்சியங்கள், கோயில்கள், குவிமாடம் வைத்த தர்பார் மண்டபம். அவற்றோடு எண்ணெய்க்கு ஒரு கிணறு, நெய்க்கு ஒரு கிணறு, கல்லில் கட்டி வைத்திருக்கிறார்கள்! நெய்யைக் குடம் குடமாகச் சுமந்து இந்தப் படிகளில் ஏறியவர்கள் எந்த ஊர் ஆட்களோ, பொங்கலுக்கும் தீபத்துக்கும் எவ்வளவு மொண்டார்களோ என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பேன். எழுந்திருக்க மனமே வராது.

காலையிலேயே போய்விடுங்கள், பாறை சூடேறிவிட்டால் கால் வைக்க முடியாது. குரங்குகள் உண்டு, தின்பண்டத்தைக் கையில் தொங்கவிடாதீர்கள். ராஜகிரிக்கு ஒரு நாள், கிருஷ்ணகிரிக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் அடிவாரத்துக் களஞ்சியத்துக்கு நேரமே மிஞ்சாது.