தோடர் பூவேலை: மரபும் புதுமையும்

பருத்தியின் பெயரையே தன் பெயரிற் கொண்ட ஊரில் வாழும் நாம், ஆடையை விலையாலும் நிறத்தாலும் மட்டும் மதித்தல் முறையன்று. இலக்கியத்தை ஆராயுமாறு ஆடையில் எழும் கலையையும் ஆராய்தல் வேண்டும். அதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு, நீலகிரியில் எருமை வளர்த்து வாழ்ந்து வந்த, ஏறத்தாழ 2,000 பேரே கொண்ட, தோடர் குடியினரின் பூவேலையாகும்.

வெண்ணிறமான முரட்டுப் பருத்தித் துணியிற் சிவப்பு, கறுப்பு நூல்களாற் பெண்டிர் இதனைச் செய்வர். துணியிற் கோடு கீறுவதில்லை. ஊடும் பாவுமாகிய இழைகளை எண்ணி எண்ணியே ஊசியைச் செலுத்துவர். ஆதலின் முடிந்த வேலை தறியில் நெய்யப்பட்டது போலத் தோன்றும். துணியின் இருபுறமும் பயன்படும். ஆண் பெண் இருபாலாரும் போர்க்கும் பூத்துக்குளி என்னும் போர்வை இவ்வாறு அணி பெறுகின்றது. இறந்தாரைப் போர்த்தி வழியனுப்புதற்கும் அதுவே உரியது.

இன்று இப்பூவேலை கைப்பைகளிலும் மேசை விரிப்புகளிலும் காணப்படுகின்றது. இதனால் மரபு அழிந்ததென வருந்துவாரும் உளர். அக்கூற்று முற்றும் பொருந்தாது. தோடர் நெசவாளர் அல்லர். துணியைப் பிறரிடமிருந்தே பெற்று வந்தனர். எனவே, வெளியாருடன் கொள்ளும் கொடுக்கல் வாங்கல் இக்கலைக்குப் புதியதன்று. பொருள் மாறுவதனாற் கலை மாள்வதில்லை என்பதற்குப் பிறநாட்டுச் சான்றும் உண்டு. லாவோசிலிருந்து 1975ஆம் ஆண்டின் பின் தாய்லாந்து அகதி முகாம்களை அடைந்த மொங் மக்கள், முன்னர்க் கோலங்களைத் தைத்த ஊசியாலேயே போரையும் மீகொங் ஆற்றைக் கடந்த துயரையும் உருவங்களாகத் துணியில் தைத்தனர். தைத்த பொருள் புதிது. தைத்த கை பழையதே.

ஆயின், கோலத்தை மட்டும் பெயர்த்தெடுத்து அச்சிலோ பொறியிலோ ஆக்குவது வேறு. அங்கே இழையை எண்ணும் அறிவுக்கு இடமில்லை. தோடர் பூவேலை 2013ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு பெயரைக் காக்கும். எண்ணித் தைக்கும் பொறுமையைக் காப்பது கூலியே. பல நாள் உழைப்பைப் பொறியின் விலைக்குக் கேட்போர் மிகுந்தால், தாயிடமிருந்து மகள் இதனைக் கற்கமாட்டாள். கற்பார் இல்லாதவிடத்துக் குறியீடு எதனைக் காக்கும்?

ஆதலால், இக்கலையை மதிப்பிடப் புகுவோர் மரபா புதுமையா என வினவுதற்கு முன், துணியைப் புரட்டி மறுபுறத்தை நோக்குக. அங்கே இழை எண்ணிய கையின் தடம் உளதாயின், அது போர்வையாயினும் கைப்பையாயினும் தோடர் கலையே என்று துணியலாம். அதற்குரிய விலையைக் கொடுத்தலும் நம் கடனாகும்.