விபுலாநந்தரின் கல்விப்பணியும் சாதியெதிர்ப்பும் – ஒரு நோக்கு

சுவாமி விபுலாநந்தரைப் பற்றிய நினைவுக் கட்டுரைகள் பெரும்பாலும் அவரை 'யாழ்நூல்' ஆசிரியராகவும் முத்தமிழ் வித்தகராகவும் போற்றி அமைகின்றன. ஒடுக்கப்பட்ட மக்களிடையே அவர் ஆற்றிய பணியோ, துறவியொருவரின் கருணைச் செயலாக ஓரிரு வரிகளிற் கூறப்பட்டுவிடுகின்றது. புலமை வேறு, தொண்டு வேறு எனப் பிரிக்கும் இந்நோக்கு அவர் வாழ்வின் உட்பொருளை மறைத்துவிடுகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1892இல் காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார் 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தரானார். 1925இல் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்ற திருகோணமலை இந்துக் கல்லூரியை அவர் நெறிப்படுத்தினார். 1929இல் அவரது முயற்சியால் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் தோன்றியது. அக்காலச் சூழலை மனங்கொண்டாலன்றி இப்பணியின் பெறுமதி விளங்காது. உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமரவேண்டும் என்ற விதி 1930ஆம் ஆண்டளவில் வந்தபோது, யாழ்ப்பாணத்திற் பாடசாலைகள் சில தீக்கிரையாயின. ஒரு பிள்ளை வாங்கில் அமர்வதே போராட்டமாயிருந்த காலம் அது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரான அடிகளார் ஆங்கு இரு செயல்களைச் செய்தார். பண்டிதர் பலர் பொருட்படுத்தாதிருந்த பாரதியின் கவிதையைப் பல்கலைக்கழகத்தினுட் கொண்டுவந்தார். அயலிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று கல்வி புகட்டினார். முன்னது வெளியே நின்ற கவிதையை உள்ளே அழைத்தது. பின்னது உள்ளே அடைபட்ட கல்வியை வெளியே எடுத்துச்சென்றது. கல்வி ஒரு சிலரின் உடைமையன்று என்னும் ஒரே கொள்கையே இரண்டிலும் தொழிற்பட்டது.

எனினும், இப்பணியின் எல்லையையும் திறனாய்வாளர் சுட்டுதல் வேண்டும். 1927இல் மகாட் குளத்து நீரை அம்பேத்கர் அள்ளிப் பருகியபோது அது உரிமைக் குரலாய் ஒலித்தது. அடிகளாரின் பணி தொண்டு நெறியில் நின்றது. உரிமை இயக்கமாக உருப்பெறவில்லை. தீண்டாமைச் செயல்களைக் குற்றமாக்கிய சட்டம் இலங்கையில் அவர் மறைந்து பத்தாண்டுகளின் பின்னர், 1957இலேயே வந்தது. அதன் பின்னரும், 1968இல், மாவிட்டபுரம் கோயில் வாயிலிற் போராட வேண்டியிருந்தது. கல்வி மாத்திரம் சாதியைத் தகர்த்துவிடாது என்பதற்கு இவை சான்றாகும். ஆயின், கல்வியின்றி அப்போராட்டங்கள் வலுப்பெற்றிருத்தலும் அரிது.

1947இல் யாழ்நூல் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அடிகளார் மறைந்தார். வழக்கிழந்த யாழை மீட்டவர் என அவரைப் போற்றுதல் பொருத்தமே. மறுக்கப்பட்ட எழுத்தை உரியவரிடம் சேர்க்க முயன்றவர் என்பதையும் அதனோடு ஒருங்குவைத்து நோக்கும்போதே அவரது ஆளுமை முழுமையாகப் புலப்படும்.