சிலந்தி மனிதன்: மூன்று படங்களும் ஒரு கதையா?

ஒரு கதையை மூன்று பகுதியாக்கிச் சொல்லுதல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் மூன்று காண்டங்களால் ஆனது. அதன் மூன்றாவதாகிய வஞ்சிக் காண்டம் முன்னிரண்டோடும் உடன்பிறந்ததா, பின்னர் ஒட்டப்பட்டதா என்று ஆராய்ந்தோரும் உளர். மூன்றாக விரிந்த கதை எதுவாயினும் இவ்வினா எழுதல் இயல்பே. முதற்பகுதி கதையைத் தோற்றுவிக்கும்; இரண்டாம் பகுதி வளர்க்கும். மூன்றாம் பகுதிக்கு என்ன வேலை? முன் சொன்னதை முடித்து வைப்பதா, மாற்றி எழுதுவதா?

இவ்வினாவை, சாம் ரைமி என்னும் அமெரிக்க இயக்குநர் 2002, 2004, 2007 ஆகிய ஆண்டுகளில் அளித்த ‘சிலந்தி மனிதன்’ படங்கள் மூன்றின்மேல் வைத்துப் பார்க்க விழைகிறேன். சிறுவர் பார்க்கும் படக்கதைக்கு இவ்வளவு பீடிகையா என அன்பர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். சுளிக்கட்டும். சிறுவரோடு முப்பது ஆண்டு காலம் தள்ளியவன் நான். அவர்கள் எதைப் பார்த்து வளர்கிறார்கள் என்பது எனக்குச் சிறிய செய்தியன்று.

முதற்படம் வந்தபோது இளம் ஆசிரியனாக இருந்தேன். ஆறாம் ஆண்டு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போய்ப் பார்த்தேன், மகிழ்ந்தேன். இரண்டாம் படத்தைப் பார்த்து அதனினும் மகிழ்ந்தேன். மூன்றாம் படத்தைப் பார்த்துவிட்டுச் சினத்தோடு வீடு திரும்பினேன். கட்டி முடித்த வீட்டின் கடைக்காலைத் தோண்டி எடுத்துவிட்டார்களே என்பது அன்றைய என் சினம். கடந்த பள்ளி விடுமுறையில் மூன்றையும் அடுத்தடுத்து மூன்று இரவுகளில் மறுபடி பார்த்தேன். சினத்தில் பாதி தணிந்தது. மற்றப் பாதி வேறோர் இடத்துக்குப் பெயர்ந்தது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கடைக்கால் என்றது எதை என்று முதலில் கூறவேண்டும். பீட்டர் பார்க்கர் தாய் தந்தையரற்ற மாணவன். பென் என்னும் பெரியப்பாவும் மே என்னும் பெரியம்மாவும் அவனை வளர்க்கிறார்கள். சிலந்தி ஒன்று கடித்ததால் அவனுக்கு அருந்திறல் வாய்க்கிறது. அதை வைத்து அவன் முதலில் செய்ய நினைப்பது என்ன? தான் விரும்பும் பெண்ணின் கண்ணில் படும்படி ஒரு மோட்டார் வண்டி வாங்குவது! நூலகம் போவதாகப் பொய் சொல்லி, மற்போர்க் களத்துக்குப் போகிறான். மூன்று நிமிடம் தாக்குப் பிடித்தால் 3,000 வெள்ளி என்பது பந்தயம். எதிரியை அதற்கு முன்பே வீழ்த்திவிட்டான் என்று காரணங் காட்டி, 100 வெள்ளியைக் கொடுத்து விரட்டுகிறான் களத்துக்காரன். பணம் எனக்குத் தேவை என்கிறான் பையன். அதற்கு நான் என்ன செய்வது என்கிறான் அவன். அடுத்த கணமே ஒரு திருடன் அந்தக் களத்துக்காரனின் பணத்தைக் கொள்ளையடித்துக்கொண்டு ஓடிவருகிறான். பீட்டர் தடுத்திருக்கலாம், வழிவிட்டு ஒதுங்குகிறான். ஏன் விட்டாய் என்று கேட்ட களத்துக்காரனுக்கு அவன் சொன்ன விடையையே திருப்பித் தருகிறான். சற்று நேரத்தில், நூலகத்தின் முன் அவனுக்காகக் காத்திருந்த பென் சுடப்பட்டுத் தெருவில் கிடக்கிறார். துரத்திப் பிடித்து முகத்தைப் பார்த்தால், அவன் வழிவிட்ட திருடன்!

1962-இல் ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ இருவரும் இப்பாத்திரத்தைப் படைத்தபோதே இக்கதை இருந்தது. ஏனைய வீரர்களெல்லாம் பிறர் செய்த தீமையால் வீரராகிறார்கள். இவன் ஒருவன் தான் செய்யாமல் விட்டதனால் வீரனாகிறான். இந்த வேறுபாடே இவன் கதைக்கு உயிர்நாடி.

இரண்டாம் படம் இக்குற்றத்தின்மேல் எழுந்த மாளிகை. மறுமுறை பார்க்கையில் அதன் சண்டைகளைவிட அதன் சில்லறைக் கவலைகளே என்னைப் பிடித்து நிறுத்தின. 29 நிமிடத்துக்குள் உணவுப் பொட்டலம் சேர்க்கத் தவறி வேலையை இழக்கிறான். வீட்டு வாடகைக்குத் தலை மறைகிறான். பெரியம்மாவோ அடமானக் கடன் கட்ட இயலாமல் வீட்டை வங்கிக்கு இழக்கும் நிலையில் இருக்கிறார். அந்நிலையிலும் அவன் பிறந்தநாளுக்கு 20 வெள்ளித் தாள் ஒன்றை வலிந்து கையில் திணிக்கிறார். வேண்டாம் என்கிறான். அந்த அம்மையாருக்குச் சினம் பொங்குகிறது. உடனே அழுகை வருகிறது. வறுமையை அறியாதவர் இக்காட்சியை எழுத முடியாது. ஆல்வின் சார்ஜண்ட் திரைக்கதை எழுதினார். ரோஸ்மேரி ஹாரிஸ் நடித்தார். இருவரையும் வணங்கலாம்.

இதன் நடுவே நிற்பது சமையலறை மேசைக் காட்சி. பெரியப்பாவின் சாவுக்குத் தான் காரணம் என்பதைப் பீட்டர் ஒப்புக்கொள்கிறான். சிலந்தி மனிதன் தானே என்று சொல்லவில்லை. திருடனைத் தடுக்காமல் விட்டதை மட்டும் சொல்கிறான். மே அவன் கையைப் பிடித்திருக்கிறார். கேட்டு முடிந்ததும் அந்தக் கையை மெல்ல இழுத்துக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் மாடியேறிப் போய்விடுகிறார். திட்டவில்லை, அழவில்லை. ஒரு கை விலகியது, அவ்வளவே. மூன்று படங்களிலும் இதைவிடப் பெரிய தண்டனை எவர்க்கும் வழங்கப்படவில்லை. பின்னர் வீட்டைக் காலி செய்யும் நாளில், உண்மையைச் சொன்னதற்காக அவனைப் பாராட்டி ஏற்றுக்கொள்கிறார்.

இனி மூன்றாம் படம். பென்னைக் கொன்றவன் அந்தத் திருடன் அல்லன் என்று காவல் அதிகாரி சொல்கிறார். சுட்டவன் பிளின்ட் மார்கோ என்னும் வேறொருவன். பழைய திருடன் அவனுக்குக் கூட்டாளியாம். இந்த மார்கோவே மணல் மனிதனாக மாறுகிறான். 2007-இல் என்னைப் போன்றோர்க்குச் சினம் மூண்டது இங்கேதான். விட்டவன் கொலைகாரன் அல்லன் என்றால் பீட்டருக்கு ஏது குற்றம்? ஐந்து ஆண்டு சுமந்த பழியை ஒரு வரியில் துடைத்துவிட்டு, வேறொருவனைக் காட்டி, போய்ப் பழிவாங்கு என்பது எவ்வளவு மலிவான வேலை!

மறுபடி பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. படத்தின் இறுதியில் மார்கோ நடந்ததைத் தன் வாயால் சொல்கிறான். நோயுற்ற மகளுக்காகப் பணம் வேண்டியிருந்தது. தப்பிச் செல்ல வண்டி வேண்டும் என்று துப்பாக்கியை நீட்டினான். துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்று அமைதியாகக் கூறினார் பென். அவர் சொல்லில் அவன் மனம் தயங்கி நின்ற அந்த நொடியில், கொள்ளைப் பணத்தோடு கூட்டாளி ஓடிவந்து அவன்மேல் மோத, துப்பாக்கி வெடித்துவிட்டது.

அப்படி ஓடிவந்தவன் யார்? பீட்டர் வழிவிட்டவன்! அவனைப் பீட்டர் பிடித்து நிறுத்தியிருந்தால் அவன் ஓடிவந்திரான், கை தட்டுப்பட்டிராது, பென் பேசி முடித்திருப்பார், மார்கோ வீடு திரும்பியிருக்கவும் கூடும். ஆகவே பழைய குற்றம் அழியவில்லை. கடைக்கால் தோண்டப்படவில்லை; அதற்குக் கீழே இன்னும் ஒரு கல் இருந்தது, அதைக் காட்டினார்கள். முன்பு அவன் ஒரு கொலைகாரனைத் தப்பவிட்டான் என்று எண்ணினோம். இப்போது, ஒரு நல்லவர் பேச்சால் திருந்தவிருந்த ஒருவனும் அவன் அலட்சியத்தால் கொலைகாரன் ஆனான் என அறிகிறோம். குற்றம் குறையவில்லை, இரட்டித்தது!

இவ்வாறு பார்க்கின் மூன்று படங்களும் ஒரே நூலில் கோத்தவை ஆகின்றன. முதலாவதில் தவறு செய்கிறான். இரண்டாவதில் அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புப் பெறுகிறான். மூன்றாவதில் பெற்ற மன்னிப்பைப் பிறனுக்குத் தருகிறான். மே அவனிடமிருந்து கையை இழுத்துக்கொண்ட இரவை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், மார்கோவிடம் அவன் மன்னித்தேன் என்று சொல்வது வெறும் பெருந்தன்மையாகத் தோன்றாது. தீர்க்க வேண்டிய கடனாகத் தோன்றும்.

அப்படியானால் படம் முழு வெற்றியா என்றால், இல்லை. என் சினத்தின் மறுபாதி பெயர்ந்து போய் நின்ற இடம் இதுவே. மேலே நான் கூறிய இணைப்பைப் படம் தன் வாயால் கூறவே இல்லை. மார்கோ கதையைச் சொல்லி முடித்ததும், தானும் தீமைகள் செய்திருப்பதாகப் பீட்டர் பொதுப்படச் சொல்கிறான். எந்தத் தீமை என்று சொல்லவில்லை. ஓடிவந்தவனுக்கு வழிவிட்டவன் நான் என்று ஒரே ஒரு வரி. மேசைக் காட்சியை எழுதிய கைக்கு அந்த ஒரு வரியா கிடைக்கவில்லை? அதைச் சொல்லியிருந்தால், மன்னிப்பவனும் மன்னிக்கப்படுபவனும் ஒரே கொலையின் இரு பங்காளிகளாக நின்றிருப்பார்கள். இயக்குநரும் அவர் உடன்பிறந்த ஐவன் ரைமியும் சார்ஜண்டும் சேர்ந்து எழுதிய படம் அது. மூவரும் இதைக் கவனிக்கவில்லையா, கவனித்தும் பார்ப்போர்க்கே விட்டுவிட்டார்களா? முதலாவதே என்று நினைக்கிறேன். ஏனெனில் இதனினும் பெரிய மௌனம் ஒன்று அங்கே இருக்கிறது.

முதற்படத்தில் அந்தத் திருடன் என்ன ஆனான்? பாழடைந்த கிடங்கில் பீட்டர் அவனை மடக்குகிறான். ஒரு வாய்ப்புக் கொடு என்று அவன் கெஞ்சுகிறான். என் பெரியப்பாவுக்கு நீ வாய்ப்புக் கொடுத்தாயா என்று கேட்டு அடிக்கிறான் பீட்டர். பின்வாங்கியவன் கால் இடறிப் பலகணி வழியே விழுந்து சாகிறான். அன்று நாம் அதைப் பெரிதாக எண்ணவில்லை. கொலைகாரன், தானே விழுந்தான், தொலைந்தான் என்று இருந்துவிட்டோம். ஆனால் மூன்றாம் படம், அவன் சுடவில்லை என்று சொல்லிவிட்டதே! செய்யாத கொலைக்காக அவன் மிரட்டப்பட்டுச் செத்தான் என்றாகிவிட்டதே! பீட்டர் ஒரு கணமாவது அதை எண்ணிக் கலங்க வேண்டாமா? மே அம்மையாராவது கேட்க வேண்டாமா? ஒருவரும் வாய் திறக்கவில்லை. சுட்டவன் யார் எனத் தெரிந்ததும் எல்லாருடைய கவலையும் புதியவன் பக்கம் திரும்பிவிட்டது.

இதில் நான் இத்துணை அழுத்தம் காட்டக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், சிற்றுண்டிச்சாலைப் பணம் காணாமற் போனதற்காக ஒரு மாணவனுக்குப் பிரம்படி கொடுத்தேன். அதற்கு முன்பும் சிறு திருட்டுகளில் பிடிபட்டவன் அவன். ஆகவே எனக்கு ஐயமே எழவில்லை. ஒரு திங்கள் கழித்து, எடுத்தவன் வேறொருவன் எனத் தெரிந்தது. உண்மைக் குற்றவாளியை அழைத்தேன், விசாரித்தேன், தண்டித்தேன். முறையாக நடந்துகொண்டதாகவே நினைத்தேன். முன்னவனைக் கூப்பிட்டு ஒரு சொல் சொல்லவேண்டும் என்பது அவன் பள்ளியை விட்டுப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. புதிய குற்றவாளி கிடைத்ததும் பழையவனை மறப்பது எவ்வளவு எளிது என்பதை நான் ஏட்டில் படித்து அறிந்தவன் அல்லன்.

மூன்றாம் படத்தின் ஏனைய குறைகள் பலரும் பேசியவை, விரைந்து கடப்போம். கறுப்பு உடையும், எடி பிராக் என்னும் பொறாமைக்காரனும், தயாரிப்பாளர் தரப்பின் வற்புறுத்தலால் சேர்க்கப்பட்டவை என்பது வெளிப்படை. இரண்டு படத்துக்குரிய சரக்கை 139 நிமிடத்தில் அடைத்திருக்கிறார்கள். ஹாரி ஆஸ்பார்னுக்கு நினைவு தப்புவதும் திரும்புவதும் கதையாசிரியரின் வசதிக்கே. அவன் தந்தை தம் பறக்கும் கருவியாலேயே இறந்தார் என்னும் உண்மையை, இத்தனை ஆண்டும் வாய்மூடி இருந்த வேலையாள் கடைசி நேரத்தில் வந்து சொல்வது நகைப்புக்கிடம். இருப்பினும் அத்தகைய கருவியே மகனையும் கொல்கிறது. நண்பனைக் காக்கக் குறுக்கே பாய்ந்து அவன் இறக்கிறான். முதற்படத்தோடு இக்கண்ணி நன்றாகவே பொருந்துகிறது.

நல்லவற்றையும் சொல்லாவிடில் நடுநிலை ஆகாது. மார்கோ மணலிலிருந்து முதன்முறை எழும் காட்சியில் ஓர் உரையாடலும் இல்லை. மகளின் படம் வைத்த பதக்கத்தை எடுக்க முயல்கிறான், கை உதிர்ந்துபோகிறது, மறுபடி முயல்கிறான். பணம் இல்லாத தகப்பன் ஒருவனை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியுமா? இன்னொன்று மிகச் சிறியது. கறுப்பு உடையின் செருக்கில் பீட்டர், வாடகை கேட்ட வீட்டுக்காரர் டிட்கோவிச்சின் மேல் எரிந்து விழுகிறான். இரண்டாம் படம் முழுவதும் பணத்துக்கே குரல் கொடுத்த அம்மனிதர், நல்ல பையன், ஏதோ தொல்லையில் இருக்கிறான் போலும் என்று மகளிடம் சொல்கிறார். தொடர்ந்து பார்ப்பவர்க்கு மட்டுமே இந்த வரியின் இனிமை தெரியும்.

முதற்படம் முடியும்போது பீட்டர் காதலை மறுத்துவிட்டு, நகரின் உயர்ந்த மாடங்களுக்கிடையே ஊஞ்சலாடிப் போகிறான். இரண்டாம் படம் முடியும்போதும் அவன் பறந்துதான் போகிறான். ஆனால் நம் பார்வை, வழியனுப்பிவிட்டு நிற்கும் மேரி ஜேனின் முகத்தில் தங்குகிறது. அதில் மகிழ்ச்சியோடு அச்சமும் கலந்திருக்கிறது. மூன்றாம் படத்தின் முடிவில் பறத்தல் இல்லை; வெற்றி முழக்கமும் இல்லை. சிறிய இசைக்கூடம் ஒன்றில் அவள் பாடிக்கொண்டிருக்கிறாள். அவன் உள்ளே வருகிறான். பாட்டு நிற்கிறது. ஒன்றும் பேசாமல் கையை நீட்டுகிறான். அவள் பற்றிக்கொள்கிறாள். சமையலறை மேசையில் விலகிய அந்தக் கை எனக்கு நினைவுக்கு வந்தது. இருவரும் மெல்ல ஆடுகிறார்கள். எவர் முகத்திலும் சிரிப்பில்லை. 2007-இல் இதைச் சோர்ந்துபோன முடிவு என்று நண்பரிடம் பழித்தேன். மூன்றாம் இரவில் படம் ஓடி முடிந்து பெயர்கள் வரத் தொடங்கிய பின்பும் எழுந்து விளக்கைப் போட எனக்கு மனம் வரவில்லை.