ஆளரவம்

சமீபத்தில் ஒரு சிறுகதைத் தொகுப்பை வாசித்தேன். பன்னிரண்டு கதைகள். ஐந்து கதைகளில் தெருவோ சாலையோ 'ஆளரவமற்று'க் கிடக்கிறது. ஆனால் பன்னிரண்டில் ஒன்றில்கூட யாருக்கும் ஓர் அரவம் கேட்கவில்லை. கதவு தட்டினாலும் சத்தம், இலை அசைந்தாலும் சத்தம். 'இல்லை' என்று சொல்வதற்காக மட்டும் ஒரு சொல்லை உயிரோடு வைத்திருக்கிறோம்.

எங்கள் பாட்டி ராத்திரியில் திடீரென்று எழுந்து உட்காருவாள். "கொல்லப் பக்கம் ஏதோ அரவம் கேக்குதுடா, போய்ப் பாரு." சத்தம் என்று சொல்லமாட்டாள். பாத்திரம் விழுந்தால் சத்தம். இடி இடித்தால் சத்தம். அப்பா திட்டினால் "சத்தம் போடறான்". அரவம் வேற. சருகில் கால் படுவது, படல் மெல்ல நகர்வது, அடக்கிய இருமல். அதற்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கும். சத்தம் கேட்டால் "என்னது?" என்கிறோம். அரவம் கேட்டால் "யாரது?" என்கிறோம். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை. (பாம்புக்கும் அரவம் என்று பெயர் உண்டு. அது வேறு கதை.)

இந்தச் சொல் எப்போதும் இவ்வளவு மெல்லியதாக இருக்கவில்லை. தொல்காப்பியத்தின் உரியியலில் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்ற நான்கு சொற்களுக்கும் அரவம் என்பதே பொருளாகச் சொல்லப்படுகிறது. துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் ஆகிய நான்குக்கும் பொருள் இசை. ஆக, அரவம் ஒரு வகுப்பு, இசை இன்னொரு வகுப்பு. அழுங்கலுக்கு இரக்கம், கேடு என்ற பொருள்களும் உண்டு என்று அடுத்தே ஒரு நூற்பா வருகிறது. ஓர் ஒலிச்சொல்லுக்குள் துக்கமும் இருந்திருக்கிறது.

பழக்கமில்லாத சொல்லைப் பழகிய சொல்லோடு சேர்த்து விளக்குவதுதான் உரியியலின் வேலை. அப்படியென்றால் அன்றைக்கு அரவம் எல்லோருக்கும் தெரிந்த சொல். மற்ற நாலையும் புரியவைக்க அதைத்தான் கையில் எடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு அரவத்துக்கே ஒருவர் பொருள் சொல்லவேண்டியிருக்கிறது.

நிகண்டுகளில் ஒலிக்கென்றே தனித்தொகுதி உண்டு. ஆனால் நிகண்டு சொற்களை வரிசையில் நிறுத்துமே தவிர, எதை எங்கே சொல்வது என்று கற்றுத்தராது. அது பாட்டிமார்களின் காதில் இருந்த அறிவு.

பழைய சொல் போனால் என்ன, சத்தம் போதாதா என்று கேட்கலாம். சத்தம் ஏழைச் சொல் இல்லைதான். வண்டி வாடகையைக்கூட வண்டிச்சத்தம் என்று சொன்ன ஊர்கள் உண்டு. என் புகார் சத்தத்தின் மேல் இல்லை. 'ஆளரவமற்ற' என்பதை அச்சு வெல்லம் மாதிரி எடுத்துப் போடுகிற கையின் மேல்தான். அந்தத் தொகுப்பில் ஐந்து இடங்களிலும் அதை அடித்துப் பார்த்தேன். எந்தக் கதைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது இதைப் பாருங்கள். "வெளியே சத்தம் கேட்டது. அவள் எழுந்தாள்." இதில் ஒரு செய்தி இருக்கிறது. "வெளியே அரவம் கேட்டது. அவள் எழுந்தாள்." இவள் யாருக்காகவோ காத்திருந்தவள். இல்லையென்றால் யாருக்கோ பயந்து கிடந்தவள். அதைச் சொல்ல இன்னொரு வாக்கியம் தேவையே இல்லை. சொல்லை விட்டால் அந்த வாக்கியத்தையும் நாமே எழுதவேண்டும். பல கதைகளில் அந்த விளக்க வாக்கியங்கள்தான் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருக்கின்றன.

கடைசி வருஷங்களில் பாட்டிக்குக் காது மந்தமாகிவிட்டது. டிவி ஓடுவதுகூடத் தெரியாது. ஆனாலும் சாயங்காலம் ஆனால் வாசலைத் திரும்பிப் பார்ப்பாள். "யாரோ வந்த அரவமா இருந்துச்சே." யாரும் வந்திருக்க மாட்டார்கள். அதை 'ஆளரவமற்ற வீடு' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் அவளுக்குக் கேட்டது அந்த வரியில் இருக்காது.