சொற்கட்டு எழுத்துமுறை: புதுக்கோட்டை மரபு காகிதத்துக்கு வந்த வழி

சொற்கட்டு எழுத்துமுறை என்பது மிருதங்கம், கஞ்சிரா, தவில் ஆகியவற்றின் பாடங்களைத் ‘தா தீ தொம் நம்’ போன்ற சொற்களாலும், கார்வையைக் காட்டும் குறிகளாலும் எழுதி வைக்கும் முறை. புதுக்கோட்டை வழி மிருதங்கம் இவ்வெழுத்துக்குள் எந்த அளவு வந்திருக்கிறது, எது வெளியே நின்றுவிட்டது என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

பின்னணி

இசையை எழுதிவைப்பது இப்பகுதிக்குப் புதிதல்ல. கீரனூருக்குத் தென்மேற்கே உள்ள குடுமியான்மலையில், பெரும்பாலோர் 7-ஆம் நூற்றாண்டினதாகக் கருதும் இசைக் கல்வெட்டு உள்ளது. மாணவர் நலனுக்காக இயற்றப்பட்டது என்று கல்வெட்டே கூறுகிறது. நான்கு நான்காகச் சுரங்கள் வெட்டப்பட்டுள்ளன. ஆனால் முழவுச் சொற்கள் இல்லை.

முழவின் பாடம் வாய்வழியாகவே வந்தது. தவில் கலைஞரிடம் லயம் பயின்று கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளை, அவர் சீடர்கள் தட்சிணாமூர்த்தி பிள்ளை, பழனி முத்தையா பிள்ளை, முத்தையா பிள்ளையின் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) என்று அந்த வரிசை நீளும். சுப்பிரமணிய பிள்ளையின் சீடர் டி. ரங்கநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். அவரிடம் பயின்ற ராபர்ட் பிரவுன் 1965-இல் மிருதங்கம் குறித்து முனைவர் பட்ட ஆய்வேடு அளித்தார். மற்றொரு மாணவர் டேவிட் நெல்சன் 2008-இல் ‘சொல்கட்டு மேனுவல்’ நூலை வெளியிட்டார். புதுக்கோட்டையின் கணக்கு கனெக்டிகட்டில் ரோமன் எழுத்தில் அச்சேறியது இவ்வாறுதான்.

மதிப்பீடு

நெல்சனின் நூல் மிருதங்கத்தைக் கற்பிப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை. கையில் தாளம் போட்டு, வாயால் சொல்லப் பழக்குகிறது. நூலுடன் ஒளிவட்டுகளும் தரப்பட்டன. எழுத்து மட்டும் போதாது என்று ஆசிரியரே உணர்ந்திருந்ததற்கு அது சான்று. அந்த அடக்கமே நூலின் பலம்.

கணக்கைப் பொறுத்தவரை எழுத்துக்கு நிகரில்லை. ‘ததிகிணதொம்’ ஐந்து மாத்திரை. சதுசிர நடையில் நான்கு தட்டுக்கு 16 மாத்திரை. முதல் மாத்திரையை விட்டுவிட்டு மூன்று முறை சொன்னால் 1 + 15 = 16; அடுத்த தட்டில் பிசகாமல் வந்து சேரலாம். காதால் மட்டும் கேட்பவர் பலநாள் தடுமாறும் இடம் இது. தாளில் ஒருமுறை எழுதிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். பெரிய கோர்வைகளைத் தானே அமைக்க விரும்பும் மாணவர் எழுதப் பழகாமல் வெகுதூரம் போக முடியாது.

நாதத்தின் கதை வேறு. ஒரே ‘தகதிமி’ விளம்ப காலத்தில் ஒரு விரலமைப்பிலும், துரிதத்தில் வேறொன்றிலும் வாசிக்கப்படும். சொல் மாறுவதில்லை, கை மாறுகிறது. தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி எழுப்பும் கும்கியைச் சொற்கட்டு காட்டாது. வலந்தலையில் விழும் சாப்பின் கனத்தையும் காட்டாது. இடக்கைக் கலைஞரான பழனியின் வாசிப்பு பேசப்பட்டதோ இவ்விரண்டுக்காகவே. அதாவது அம்மரபின் கணக்கு கடல் கடந்தது, நாதம் அதே தாளில் ஏறவில்லை. இக்குறையை நெல்சன் மீது சுமத்துவது நியாயமல்ல. தமிழெழுத்தில் எழுதினாலும் இதே நிலைதான். தமிழில் கூடுதலாக இன்னொரு சிக்கல் உண்டு: ‘த’, ‘கி’ எழுத்துகளை வல்லோசையாக ஒலிப்பதா மெல்ல ஒலிப்பதா என்பதைக் கேட்டுப் பழகியவரே அறிவார்.

மேற்கத்திய டிரம்ஸ் எழுத்தின் ஐந்து கோட்டு முறையைத் தீர்வாகச் சொல்வோர் உண்டு. அதில் ஒவ்வொரு கோடும் இடைவெளியும் ஒரு கருவியைக் குறிக்கும். பெருக்கல் குறி சிம்பலைக் காட்டும். எந்தக் கருவியை அடிப்பது என்று கேட்கும் வாத்தியத்துக்கு அது பொருந்தும். ஒரே தோலில் எந்த விரல், எந்த இடம், எவ்வளவு அழுத்தம் என்று கேட்கும் மிருதங்கத்துக்கு அதை அப்படியே போர்த்தினால் பக்கம் குறிகளால் நிரம்பும். வாசிப்பவரின் கண் தாளிலேயே தங்கிவிடும்.

வலந்தலைக்கு ஒரு வரி, தொப்பிக்கு ஒரு வரி, மேலே சொற்கட்டு என மூன்று வரியாக எழுதுவது இவற்றைவிடப் பயனுள்ளது. கும்கிக்குத் தொப்பி வரியில் ஒரு வளைகோடு போதும். ஒலிப்பதிவைக் கேட்டு, வாயால் சொல்லி, பிறகு இப்படி எழுதிப் பார்க்கும் மாணவருக்குத் தன் காதில் விழாமல் போனது எது என்பது காலியாக நிற்கும் தொப்பி வரியிலேயே தெரிந்துவிடும்.