படித்துறை வரைக்கும் வழி காட்டுமா கைப்பேசி?

காலை ஐந்து மணி. கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் பால் வண்டிகளைத் தவிர வேறு நடமாட்டம் இல்லை. காரின் முன் கண்ணாடிக்குக் கீழே இரண்டு கைப்பேசிகள். ஒன்றில் கூகுள் மேப்ஸ், இன்னொன்றில் மேப்மைஇந்தியா நிறுவனத்தின் மேப்பிள்ஸ். போய்ச் சேர வேண்டிய இடம் திருநெல்வேலி குறுக்குத்துறையின் ஆற்றுப் படித்துறை. மதுரை, தூத்துக்குடி வழியாகக் கடற்கரைக்குப் போய், திருச்செந்தூர் வரை கடலோரமாக இறங்கி, அங்கிருந்து தாமிரபரணியை ஒட்டி மேற்கே திரும்புவதாகத் திட்டம். சுமார் 450 கிலோமீட்டர்.

இந்தச் சுற்றுவழியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நான்குவழிச் சாலையில் எந்தச் செயலியும் நன்றாகத்தான் வழி சொல்லும். தண்ணீர் குறுக்கே வரும் இடத்தில், பாலத்துக்குக் கீழே, படித்துறைக்குப் போகும் சந்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் இந்தப் பயணத்தில் பார்க்க வேண்டியது.

முதல் தேர்வு வீட்டிலிருந்து பத்து நிமிடத்திலேயே வந்துவிடுகிறது. 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட உக்கடம் – ஆத்துப்பாலம் மேம்பாலம் நொய்யலைத் தாண்டும் இடத்தில் பாலக்காடு சாலைக்கும் பொள்ளாச்சி சாலைக்குமாகப் பிரிகிறது. பிரிவைத் தவறவிட்டால் கேரளா பக்கம் இறங்கித்தான் திரும்ப முடியும். வானம் திறந்திருக்கும் இடத்தில் கைப்பேசியின் ஜிபிஎஸ் சுமார் ஐந்து மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லிவிடும். உயரத்தைச் சொல்வதில் அது அவ்வளவு கெட்டி இல்லை. அதனால் மேம்பாலத்தின் மேலே போகிறோமா, அடியில் போகிறோமா என்று செயலி தடுமாறுவது இந்தியா முழுக்க ஓட்டுநர்களின் பழைய குறை.

இந்தக் குறைக்காகவே 2024 ஜூலையில் கூகுள் மேப்ஸ் இந்தியாவுக்கென்று ஒரு வசதியை அறிவித்தது. மேம்பாலத்தில் ஏற வேண்டுமா, பக்கத்துச் சாலையில் போக வேண்டுமா என்பதை முன்கூட்டியே சொல்லும் வசதி அது. தொடக்கத்தில் 40 நகரங்களில் வந்தது. கார்களைக் குறுகலான சந்துகளில் விடாமல் வேறு வழி காட்டும் வசதியும் அப்போதே எட்டு நகரங்களுக்கு அறிவிக்கப்பட்டது. அந்த எட்டில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தவை இரண்டு: சென்னையும் கோயம்புத்தூரும். திருநெல்வேலி அந்தப் பட்டியலில் இல்லை. இந்த வேறுபாடு மாலையில் முக்கியமாகப் போகிறது.

மேப்பிள்ஸின் பலம் வேறு. பெரிய சந்திப்புகளை நெருங்கும்போது அந்த இடத்தின் முப்பரிமாணப் படத்தையே திரையில் காட்டி, எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று அம்புக்குறி போடுகிறது. வேகத்தடை, பள்ளம் ஆகியவற்றுக்கும் எச்சரிக்கை தருகிறது. பின் இருக்கையில் முதுகுவலிக்காரப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் இந்த எச்சரிக்கையின் அருமை தெரியும். சுங்கச்சாவடிக் கட்டணத்தை இரண்டு செயலிகளிலும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், மதுரை, அதன்பின் தூத்துக்குடி வரை குறை சொல்ல ஒன்றும் இல்லை.

தூத்துக்குடியைத் தாண்டியதும் நிலம் மாறுகிறது. உப்பளங்கள், பழையகாயல், அடுத்து முக்காணி. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணியை, அதன் கடைசி மைல்களில், கிழக்குக் கடற்கரைச் சாலை கடப்பது இங்கேதான். திரையில் பாலம் ஒரு கோடு, ஆறு ஒரு நீலப்பட்டை. அவ்வளவே.

அந்த நீலப்பட்டையின் அகலம் எப்போதும் ஒன்றுதான் என்பது இந்தச் செயலிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பலவீனம். 2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. ஊர்களுக்கு இடையே சாலைகள் அறுந்தன. அப்படிப்பட்ட இரவில் வரைபடத்தை நம்பி வருகிறவருக்கு என்ன கிடைக்கும்? நெரிசல் தகவல் பெரும்பாலும் சாலையில் நகரும் கைப்பேசிகளிலிருந்து வருவது. வண்டியே போகாத சாலையில் நெரிசலும் இருக்காது. யாராவது "சாலை மூடல்" என்று பதிவு செய்கிற வரை, அந்தச் சாலை திறந்தே இருப்பதாகத் தெரியும் அபாயம் உண்டு.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2023 அக்டோபரில் கொச்சிக்கு அருகே கோதுருத்தில் மழை இரவில் கார் ஆற்றுக்குள் இறங்கி இளம் மருத்துவர்கள் இருவர் இறந்தார்கள். 2024 மே மாதம் கோட்டயம் மாவட்டம் குருப்பந்தறையில் ஹைதராபாத் சுற்றுலாப் பயணிகளின் கார் ஓடைக்குள் போனது. நல்லவேளை, நால்வரும் தப்பினார்கள். அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில், வெள்ளத்தில் அறுந்துபோன ராம்கங்கா பாலத்தின் மேலேறிய கார் கீழே விழுந்து மூவர் இறந்தார்கள். மூன்று விபத்துகளிலும் வண்டி வழிகாட்டிச் செயலியைப் பின்பற்றி வந்ததாகவே செய்திகள் சொல்லின. மூன்றிலும் தண்ணீர்.

திருச்செந்தூரிலிருந்து ஆழ்வார்திருநகரி, செய்துங்கநல்லூர் வழியாகப் பாளையங்கோட்டை வரும் சாலை, ஆற்றின் தென்கரையோடு ஏறத்தாழக் கூடவே வருகிறது. வாழைத்தோட்டங்களுக்கு நடுவே சிக்னல் வந்து வந்து போனது. முன்னிரவே வீட்டு வைஃபையில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் வரைபடத்தை இறக்கி வைத்தது இங்கே கைகொடுத்தது. இணையம் இல்லாமலும் கூகுள் மேப்ஸ் கார் ஓட்ட வழி சொல்லும். ஆனால் நேரடி நெரிசல் தகவல் இருக்காது, நடைவழியும் காட்டாது. காரை விட்டு இறங்கிப் படித்துறையைத் தேடுகிறவருக்கு இது பெரிய குறை.

திருநெல்வேலிக்குள் நுழைவதே பாலத்தின் மேல்தான். பாளையங்கோட்டையையும் திருநெல்வேலியையும் இணைக்கும் சுலோச்சன முதலியார் பாலம், முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டியது; 1843-இல் திறக்கப்பட்டது. அதைக் கடந்து ஜங்ஷன் வந்தால் ரயில் தண்டவாளங்களுக்கு மேலே ஈரடுக்கு மேம்பாலம், 1973-இல் திறந்தது. ஒரே இடத்தில் கீழே ஒரு சாலை, மேலே ஒரு சாலை. தட்டையான வரைபடத்துக்கு இதைவிடக் கடினமான கேள்வித்தாள் தமிழ்நாட்டில் குறைவு. இங்கே செயலியின் குரலைவிடச் சாலைப் பலகையும் முன்னால் போகும் டவுன் பஸ்ஸும் நம்பகமான துணை.

கடைசி ஒன்றரை கிலோமீட்டரில்தான் சிக்கல் வந்தது. இரண்டு செயலிகளில் ஒன்று, தூரம் குறைவு என்று ஒரு சந்துக்குள் திருப்பியது. முதலில் கார் தாராளமாகப் போனது. பிறகு இரு பக்கமும் திண்ணைகள் நெருங்கின; பக்கக் கண்ணாடிகளை மடக்க வேண்டியிருந்தது. எதிரே சைக்கிளில் வந்தவர் இறங்கி நின்று கையை நீட்டினார்.

"அண்ணாச்சி, இதுக்கு மேல வண்டிய விடாதீய. ஆத்துல தண்ணி வரத்து கூடியிருக்கு."

"அப்ப வண்டிய எங்கீங்க நிறுத்தறது?"

பின்னால் வந்து, மெயின் ரோட்டிலேயே ஓரம் கட்டி, நடந்து போகச் சொன்னார். அவர் சொன்னது சரி. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருப்பது. வெள்ளம் பெருகினால் கோயிலே மூழ்கும். திரையில் அது ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும் சிவப்புக் குறி.

வாங்க வேண்டிய பொருள் இல்லை, இரண்டும் இலவசம். ஆகவே எதை வைத்துக்கொள்வது என்பதைவிட எப்படி வைத்துக்கொள்வது என்பதே கேள்வி. நெடுஞ்சாலை நெரிசலுக்கும் இணையமில்லா நேரத்துக்கும் கூகுள் மேப்ஸ்; சந்திப்புகளுக்கும் வேகத்தடைகளுக்கும் மேப்பிள்ஸ். பக்கத்தில் உட்காருபவர் ஒருவர் இரண்டையும் பார்த்துக்கொண்டால் ஓட்டுபவர் சாலையைப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் நெல்லைப் பக்கம் போகிறவர்கள் கிளம்பும் முன் மாவட்ட நிர்வாகத்தின் வெள்ள எச்சரிக்கையைப் பார்த்துவிட வேண்டும். இருட்டும் முன் ஊருக்குள் சேர்ந்துவிட வேண்டும். சேருமிடமாகப் படித்துறையைக் குறிக்காமல், அதற்கு முந்தைய பேருந்து நிறுத்தத்தையோ மெயின் ரோட்டையோ குறிக்க வேண்டும்.

அன்று மாலை படிகளில் மூன்று மட்டும் வெளியே தெரிந்தன. நான்காவது படி தண்ணீருக்குள். அதில் கால் நனைத்தபடி கைப்பேசியை எடுத்துப் பார்த்தபோது, நீலப்புள்ளி ஆற்றின் நடுவே நின்றிருந்தது.