வரைபவரின் சொல்

ஓகூஸ் ஸ்டட்ஸ்கிம்னேசியம் என்ற உயர்தரப் பாடசாலையின் உள்ளே 27 மீற்றர் நீளமும் 3 மீற்றர் உயரமுமான ஒரு சுட்டமண் சுவர் இருக்கிறது. டெனிஷ் ஓவியர் அஸ்கர் யோர்ன் 1959இல் இத்தாலியின் அல்பிசோலாவில் செய்து இங்கே கொண்டுவந்து பொருத்தியது. நண்பர் ஒருவரின் மகள் அங்கே படித்த நாட்களில், அவளை ஏற்றிவரப் போன ஒரு மாலையில்தான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். பச்சையும் நீலமும் மண்ணிறமும் பொங்கி வழிந்து இறுகிப்போனதுபோல் இருந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"மாமா, இதைச் செய்தவர் ஈரக் களிமண்ணுக்கு மேலால ஸ்கூட்டர் ஓடினவராம்" என்றாள் அவள். அதன்பிறகு அந்தச் சுவரில் சில்லுத் தடம் தேடத் தொடங்கிவிட்டேன். ஒரு வரிச் செய்தி, அரை மணி நேரம் என்னை அங்கே நிற்க வைத்தது.

யோர்ன் தன் படங்களுக்குப் பக்கத்தில் வாழ்நாள் முழுவதும் சொற்களையும் வைத்துக்கொண்டிருந்தவர் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். 1941இல், டென்மார்க் ஜேர்மனியப் படைகளின் பிடியில் இருந்தபோது, கட்டடக் கலைஞர் றொபேட் டால்மன் ஒல்சனோடும் வேறு ஓவியர்களோடும் சேர்ந்து அவர் 'ஹெல்ஹெஸ்டன்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். டெனிஷ் நாட்டார் நம்பிக்கையில் சாவுக்கு முன்னறிவிப்பாக வரும் மூன்று கால் குதிரையின் பெயர் அது. 1944 வரை வெளிவந்தது. கல்லச்சுப் படங்களோடு நாட்டார் கலை, சிறுவர் ஓவியம், பச்சை குத்துதல் என்று கலைக்கூடங்கள் சீண்டாத விடயங்களைப் பற்றிய கட்டுரைகளும் அதில் வந்தன. மலிவான வீட்டுப் படங்களை, நமது பாஷையில் சொன்னால் கலண்டர் படங்களை, இளக்காரம் செய்யக்கூடாது என்று யோர்ன் எழுதிய கட்டுரை வந்ததும் அதில்தான். சஞ்சிகை நின்று நான்கு ஆண்டுகளில், 1948இல், கோப்றா இயக்கம் பிறந்தபோது அதன் டெனிஷ் பகுதிக்கு அத்திவாரம் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

இன்று படம் வரையும், வடிவமைக்கும் இளையவர்களுக்குச் சொல்லப்படும் புத்திமதிகளை நினைத்துப் பார்க்கிறேன். நாள்தோறும் ஒன்று போடு, ஒரே பாணியில் போடு, நேரம் தவறாதே, எண்ணிக்கையைக் கவனி. இதில் ஒழுங்கு என்ற ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். பார்வையாளர் திரும்பி வருவதற்கு ஒரு தவணை வேண்டும். சஞ்சிகைக்காரர்களுக்கு இது தெரியும். ஆனால் அவர் எதற்காகத் திரும்பி வருகிறார்? இன்னொரு அழகான படத்துக்காக மட்டும் என்றால் அது எங்கேயும் கிடைக்கும். அந்தக் கை எப்படி யோசிக்கிறது என்று அறியத்தான் ஒருவர் குறிப்பிட்ட ஓர் ஓவியரிடம் திரும்பத் திரும்பப் போகிறார் என்பது என் கணிப்பு.

என் தொழில் கணினித் துறை. அங்கே நிரலில் ஒரு மாற்றம் செய்தால், ஏன் செய்தேன் என்று ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். அந்த வரி இல்லாத நிரலைப் பின்னால் வருபவர் துணிந்து வெட்டிவிடுவார், அதை ஏன் வைத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஓவியத்துக்கும் இது பொருந்தும் என்பதைப் பட்டுத்தான் அறிந்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

தமிழ்ச் சூழலில் வரைபவர்கள் எழுதவில்லையா? எழுதினார்கள், பெரும்பாலும் நமக்கு அல்ல. கே.சி.எஸ். பணிக்கரைச் சுற்றியிருந்த சென்னை ஓவியர்கள் 1961இல் 'ஆர்ட்றென்ட்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார்கள். 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானது. பத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கி, தங்கள் ஓவியத்தைச் சந்தையின் தயவிலிருந்து காப்பாற்றிக்கொண்ட அந்த முயற்சிக்கு இணையாக நம்மிடம் அதிகம் இல்லை. ஆனால் இதழ் ஆங்கிலத்தில் வந்தது. டில்லிக்கும் வெளிநாட்டுக்கும் அது பேசியது. பக்கத்து ஊர்த் தமிழ் வாசகருக்கு அந்தப் பேச்சு கேட்கவில்லை.

அந்த வாசகரிடம் ஓவியம் வேறு வழியால் வந்தது. கே.எம். ஆதிமூலம் (1938–2008) சிற்றிதழ்களுக்கும் பெரும் பத்திரிகைகளுக்கும் வரைந்த கோட்டோவியங்களும், எழுதிக் கொடுத்த தலைப்பெழுத்துகளும் இலட்சக்கணக்கானோர் கண்ணில் பட்டன. தமிழ் எழுத்து இப்படியும் வளையலாம், இப்படியும் முறியலாம் என்று அவர் காட்டினார். நாம் அந்த எழுத்தை வாசித்தோம், அதை எழுதிய கையைக் கவனிக்கவில்லை. நம் இலக்கிய இதழ்கள் ஓவியரை மதித்தன, உண்மைதான். ஆனாலும் கவிஞரிடம் ஒரு கவிதையைப் பற்றி நான்கு பக்கம் கேட்ட இதழ்கள், ஓவியரிடம் ஒரு கோட்டைப் பற்றி நான்கு வரி கேட்டது குறைவு.

இந்த வழக்கத்துக்கு வெளியே நிற்கும் இரண்டு நூல்கள் நமது தீவிலிருந்தே வந்தன. இரண்டையும் வெளியிட்டது 'றேக்கிங் லீவ்ஸ்' பதிப்பகம். முதலாவது, 2008இல் வந்த 'ஓராண்டு வரைதல் திட்டம்'. யாழ்ப்பாணத்தின் தா. சனாதனன், முஹனட் காதர், சந்திரகுப்த தேனுவர, ஜகத் வீரசிங்க ஆகிய நால்வரும் படம் வரைந்து ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்ப, பெற்றவர் அதற்குப் பதிலாக இன்னொன்று வரைந்தார். 2005 மே மாதம் தொடங்கிய 'ஓராண்டு', 2007 ஒக்ரோபரில்தான் முடிந்தது. மொத்தம் 208 படங்கள். சமாதானப் பேச்சு தேய்ந்து போர் மீண்ட காலம் அது. புரட்டும்போது பிறருடைய கடிதக் கட்டைத் திறந்த கூச்சம் வருகிறது. எந்தப் படம் எதற்குப் பதில் என்பது தெரிவதால், ஒவ்வொரு படமும் முந்தியதை விளக்கிவிடுகிறது. இங்கே சொல்லின் வேலையை வரிசை செய்கிறது.

இரண்டாவது, சனாதனனின் 'முற்றுப்பெறாத தோம்பு' (2011). ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடுதான் தோம்பு. இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களுமாக 80 பேர், தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுக்கிறார்கள். அதைக் கட்டடக் கலைஞர் அளவு கட்டி மீள வரைகிறார். அதன் பிறகே ஓவியரின் பஸ்ரல் ஓவியம் வருகிறது. வரையத் தெரியாத ஒருவர் கிணற்றையும் குசினியையும் குறிக்கும் நடுங்கிய கோட்டுக்கு முன்னுரிமை கொடுத்து, ஓவியர் மூன்றாவது ஆளாக நிற்கிறார். அதனாலேயே அவருடைய படத்தை நம்புகிறோம். அது எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே காட்டிவிட்டார். என் மனக்குறை ஒன்றுதான். எந்த வீடுகளைப் பற்றி இந்த நூல் பேசுகிறதோ, அந்த வீடுகளை விட்டுவந்த எங்கள் வீட்டு அலுமாரிகளில் அதைக் கண்டது அபூர்வம். கலைநூல் என்ற மரியாதையே அதைத் தூரத்தில் நிறுத்திவிட்டதோ என்று நினைக்கிறேன்.

அந்தத் தூரத்தைக் குறைத்தவர்களில் ஒருவராக எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸைச் சொல்வேன். இலங்கையைச் சேர்ந்த இவர் உருவாக்கிய 'கவிவாணர்', 'பவனம்' ஆகிய தமிழ் எழுத்துருக்களைக் கூகிள் எழுத்துருத் தொகுப்பில் எவரும் காசின்றி எடுத்துப் பயன்படுத்தலாம். வடிவமைப்பையும் எழுத்தையும் பற்றித் தமிழிலேயே எழுதியும் வருபவர் அவர். ஆதிமூலத்தின் தலைப்பெழுத்தைப் பார்த்து வியக்கத்தான் நம்மால் முடிந்தது. இன்று ஓர் எழுத்துருவை எடுத்து நம் பெயரையே எழுதிப் பார்க்கலாம், அதைச் செய்தவர் என்ன நினைத்தார் என்று நம் மொழியில் வாசிக்கவும் செய்யலாம்.

இனி என் கதை. சில ஆண்டுகளுக்கு முன் இங்கே ஓர் ஆண்டுவிழா மலரைக் கணினியில் பக்கம் கட்டிக் கொடுத்தவன் நான். அட்டைப்படம் வரைந்தவள், யோர்னின் சுவரை எனக்குக் காட்டிய அதே பிள்ளை. ஓகூஸ் துறைமுகத்தை மழைநாளில் வரைந்திருந்தாள். தலைப்புக்கு இடம் போதவில்லை என்று இடது பக்கத்தில் மூன்று சென்ரிமீற்றர் வெட்டினேன். விளம்பரம் தந்த கடைகளின் பெயர் ஒன்றுவிடாமல் ஏறியது. அவளுடைய பெயர் விடுபட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, நினைவே வரவில்லை. எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

மலரைக் கையில் வாங்கியவள் பெயரைப் பற்றிக் கேட்கவில்லை. "மாமா, இந்தக் கரையில நிண்ட ஆள் எங்க?" என்று கேட்டாள். எடுத்துப் பார்த்தேன். வெட்டிய துண்டில், குடையில்லாமல் நின்ற ஒரு மெல்லிய உருவம். முதன்முதலாக இந்த நகரத்துக்கு வந்திறங்கிய நாளைப் பற்றி அவளுடைய அம்மம்மா சொன்ன கதை அது. படம் முழுவதும் அந்த உருவத்துக்காகத்தான் வரையப்பட்டிருந்தது. நான் கேட்கவுமில்லை, அவள் எழுதவுமில்லை. ஓவியத்துக்குப் பக்கத்தில் மூன்று வரி இருந்திருந்தால் என் கை அந்த இடத்தில் வெட்டியிராது.

படம் தானே பேசும், ஓவியர் விளக்கக்கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். விளக்கவுரையை நானும் கேட்கவில்லை. களிமண்ணில் ஸ்கூட்டர் ஓடியதைச் சொன்னதால் யோர்னின் சுவர் குறைந்துவிடவில்லை. எதைக் கொண்டு செய்தேன், எங்கே தொடங்கினேன், எதை அழித்தேன் என்ற அளவு போதும்.

அந்தப் பிள்ளை இப்போது தன் படங்களுக்குக் கீழே டெனிஷில் ஒரு பந்தியும் தமிழில் இரண்டு வரியும் எழுதுகிறாள். தமிழில் ரகர றகரம் பிழைக்கிறது. திருத்தித் தரச் சொல்லி எனக்கு அனுப்புவாள். எழுத்துப் பிழையை மட்டும் திருத்துகிறேன், ஒரு சொல்லையும் வெட்டுவதில்லை. நம் இதழ்களும் அட்டைக்குப் படம் கேட்கும்போது அந்த இரண்டு வரியையும் சேர்த்துக் கேட்கலாம். உள்ளட்டையில் அதற்கு இடம் இருக்கிறது.